மின்னோ லூரை முடமாக்கும் சில பழக்கங்கள்

மும்பை கோராய் கழியில் போன மழைக்காலத்துக்கு முன்பு ஒரு தாராவித் தம்பியைப் பார்த்தேன். புது ராடு, புது ரீல், நுனியில் 11 சென்டிமீட்டர் ரபாலா ஒரிஜினல் ஃப்ளோட்டர், சின்ன மீன் வடிவப் பொய் இரை, அதாவது மின்னோ லூர். “அண்ணே, சும்மா குச்சி மாதிரி வருது, ஆடவே மாட்டேங்குது” என்றார். வாங்கிப் பார்த்தால், மூக்கு வளையத்தில் பெரிய ஸ்விவல் (நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் இணைப்பு), அதை ஒட்டினாற்போல் ஈயக்குண்டு. இத்தனையும் மூக்கில் தொங்கினால் எது ஆடும்?

பால்சா மரத்தில் செய்த அந்த லூரின் எடையே 6 கிராம்தான். 1936இல் ஃபின்லாந்து மீனவர் லவ்ரி ரபாலா தக்கையைச் சீவி, சாக்லெட் தாள் சுற்றி, போட்டோ பிலிமை உருக்கிப் பூசிச் செய்த மீன்தான் இதற்கு மூதாதை. கூட்டத்தில் நொண்டுகிற மீனைத்தான் பெரிய மீன் அடிக்கிறது என்று கவனித்து, அந்த நொண்டலைச் செதுக்கினார். நாம் காசு கொடுப்பது அந்த நொண்டலுக்குத்தான்.

அதனால் முடிச்சில் சோம்பல் கூடாது. இங்கே ஜிதாடா என்கிற நம் கொடுவாவின் செவுள் மூடி ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், லூருக்கு முன்னால் லீடர் என்கிற தடித்த நரம்புத் துண்டு இல்லாமல் முடியாது. ஆனால் தடித்த நரம்பை வளையத்தோடு இறுக்கிக் கட்டினால் லூர் விறைத்துப் போகும். சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கண்ணி விட்டு, இறுகாத முடிச்சாகப் போடுங்கள். மூக்கு தாராளமாக அசையும்.

தூரம் போகவில்லை என்பது அடுத்த புகார். கடல்காற்றை எதிர்த்து 6 கிராமை வீசினால் காலடியில்தான் விழும். மெல்லிய பிரெய்டு (பின்னிய தூண்டில் நூல்) போட்டு, காற்று முதுகில் படும்படி நின்று வீசுங்கள். ஈயம் வைத்தே ஆக வேண்டுமென்றால் சின்னதாக, லூருக்கு இரண்டடி முன்னால்.

அப்புறம் வேகம். வெறி பிடித்த மாதிரி சுற்றினால் லூர் பக்கவாட்டில் சாய்ந்து சுழலும். முதலில் காலடித் தண்ணீரில் இழுத்து, எந்த வேகத்தில் நன்றாக ஆடுகிறது என்று பாருங்கள். நாலு சுற்று இழுத்து, ராடு நுனியை லேசாகத் தட்டி, நிறுத்துங்கள். லூர் மெல்ல மேலே வரும், தண்ணீரில் ஒரு சின்ன வளையம் விரியும். அடி பெரும்பாலும் அப்போதுதான். அந்த நேரம் பார்த்து போனை எடுத்து நான் விட்ட மீன்களுக்குக் கணக்கில்லை.

பாறையில் மோதிய லூர் ஒரு பக்கமாகவே ஓடும். கெட்டுவிட்டது என்று வீசிவிடாதீர்கள். மூக்கை உங்கள் பக்கம் பார்க்கப் பிடித்துக்கொண்டு, இடப்பக்கம் ஓடினால் வளையத்தைக் குறட்டால் வலப்பக்கம் மயிரிழை வளையுங்கள். வளைக்கலாம், முறுக்கக் கூடாது, முறுக்கினால் மரத்துக்குள் கம்பி தளர்ந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் தூண்டில் முள் துருப்பிடிக்கும். அதே முள் சட்டையிலும் விரலிலும் ஏறும், குறடு இல்லாமல் போகாதீர்கள்.

பாந்த்ரா பாறைகளுக்குப் போகிறவர்கள் லூரைவிட ஓத நேரத்தைப் பாருங்கள். மும்பையில் தண்ணீர் 4 மீட்டருக்கு மேலேயும் ஏறும். முன்னால் மீனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் வந்த வழி முழுகிவிடும். எனக்கு ஒரு தடவை இடுப்பளவு ஆனது, செருப்பு போயிற்று.