மோட்டார்ஹோம் ஸ்டார்ட் ஆகவில்லையா? அவசரத்தில் செய்யும் தவறுகள்

சாவியைத் திருப்புகிறீர்கள், ஒன்றும் நடக்கவில்லை. பின்னால், படுக்கையும் சமையலறையுமாக இருக்கும் வீட்டுப் பகுதியில் போய்ப் பார்த்தால் விளக்கு பளிச்சென்று எரிகிறது, ஃபிரிட்ஜ் ஓடுகிறது, தண்ணீர் பம்ப்கூட வேலை செய்கிறது. "பேட்டரி நன்றாகத்தானே இருக்கிறது, அப்போ இன்ஜினைச் சுழற்றிவிடும் செல்ஃப் மோட்டார் போய்விட்டது போல" என்று அங்கேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்களிடம் நான் அதிகம் பார்க்கிற தவறு இதுதான், காரே ஓட்டிப் பழகியவர்கள் கண்டிப்பாக ஒரு தடவையாவது இதில் விழுவார்கள்.

இந்த வண்டியில் பேட்டரி இரண்டு தனித்தனிக் கூட்டம். முன்னால் இன்ஜினைச் சுழற்ற ஒன்று, பின்னால் வீட்டு உபயோகத்துக்கு ஒன்று. நடுவில் ஒரு ஐசொலேட்டரோ ரிலேயோ உட்கார்ந்திருக்கும். வண்டி ஓடும்போது இரண்டுக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து (இன்ஜின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்கும் கருவி) சார்ஜ் ஏற விடும், இன்ஜின் நின்றதும் பிரித்துவிடும். ராத்திரி முழுக்க நீங்கள் விளக்கு எரித்தாலும் காலையில் இன்ஜின் எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடே. ஆகவே வீட்டு விளக்கு எரிவதை வைத்து இன்ஜின் பேட்டரியைப் பற்றி எதுவுமே சொல்ல முடியாது.

இதே குழப்பம் வண்டியை நிறுத்தி வைக்கும்போதும் வரும். "மூன்று மாதமும் கரண்டில் போட்டுத்தான் வைத்திருந்தேன், மேலே சோலார் வேறு இருக்கிறது, எப்படி பேட்டரி இறங்கும்?" என்று கேட்பார்கள். பல வண்டிகளில் அந்தச் சார்ஜரும் சோலாரும் வீட்டுப் பேட்டரிக்கு மட்டும்தான் இணைக்கப்பட்டிருக்கும். இன்ஜின் பேட்டரியோ அலாரம், ரேடியோ, யாரோ மாட்டிக்கொடுத்த டிராக்கர் என்று எல்லாவற்றுக்கும் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துக் கொடுத்து, சத்தமே இல்லாமல் காலியாகிக்கொண்டிருக்கும். உங்கள் வண்டியில் சார்ஜர் எதற்குப் போகிறது என்று ஒருநாள் வோல்ட் மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். கரண்டில் போட்ட பிறகு இன்ஜின் பேட்டரியின் வோல்ட் கொஞ்சமாவது ஏறினால் அதற்கும் போகிறது, அசையாமல் இருந்தால் போகவில்லை.

சரி, மீட்டர் என்றதும் அடுத்த தவறு. 12 வோல்ட் பேட்டரியில் மீட்டர் 12 என்று காட்டினால் சரியாக இருக்கிறது என்று நினைப்பது. சில மணி நேரம் சும்மா இருந்த நல்ல லெட்-ஆசிட் பேட்டரி 12.6 அல்லது 12.7 காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. அதிலும் சும்மா இருக்கும்போது 12.6 காட்டிவிட்டு, செல்ஃப் அடித்ததும் 7-க்கோ 8-க்கோ சரிகிற பேட்டரிகள் உண்டு. அது உள்ளுக்குள் செத்த பேட்டரி. ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க, 9.6-க்குக் கீழே போகிறதா என்று பாருங்கள். போனால் மற்ற எதையும் தொடுவதற்கு முன்னால் பேட்டரியைச் சார்ஜ் போட்டுவிட்டு மறுபடி சோதியுங்கள். மீட்டர் வைத்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலை, பலர் செய்வதே இல்லை.

இதற்கெல்லாம் முன்னால், வண்டி என்ன சத்தம் கொடுக்கிறது என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். "ஸ்டார்ட் ஆகவில்லை" என்பதில் இரண்டு வேறு வேறு நோய்கள் இருக்கின்றன, இன்ஜின் சுற்றவே இல்லை என்பது ஒன்று, சுற்றுகிறது ஆனால் பிடிக்கவில்லை என்பது இன்னொன்று. இதைப் பிரிக்காமல் போனில் மெக்கானிக்கிடம் பேசினால் அவரால் எதுவும் சொல்ல முடியாது. டிக்டிக்டிக் என்று வேகமாக அடித்தால் பெரும்பாலும் பேட்டரியில் தெம்பு இல்லை, இல்லாவிட்டால் டெர்மினல், அதாவது பேட்டரி முனையில் கேபிள் மாட்டும் இடம், சரியாகப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு 'டக்', அதோடு அமைதி என்றால் செல்ஃப் மோட்டாரையோ அதற்குப் போகும் கேபிளையோ சந்தேகப்படலாம். சத்தமே இல்லை என்றால், ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் லிவரை பார்க்கிங்கிலிருந்து நியூட்ரலுக்கு மாற்றி ஒருமுறை திருப்பிப் பாருங்கள், மேனுவல் என்றால் கிளட்ச்சை முழுக்க அழுத்துங்கள். லிவரின் சுவிட்ச் சரியாகத் தொடாமல் இருந்ததற்காக வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் டேஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ மின்னினால் அது இம்மொபைலைசர், சாவியை அடையாளம் தெரியாவிட்டால் இன்ஜினை எடுக்கவிடாத திருட்டுத் தடுப்பு, மாற்றுச் சாவியை எடுத்து முயலுங்கள்.

எடுக்கவில்லை என்றதும் திரும்பத் திரும்பச் சாவியை முறுக்கிக்கொண்டே இருப்பது, கோபத்தில் எல்லாரும் செய்வது. செல்ஃப் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும் பொருள், தொடர்ந்து ஓடுவதற்குச் செய்யப்பட்டதே இல்லை. 10 வினாடி அடித்தால் ஒன்றிரண்டு நிமிடம் விடுங்கள். மூன்று நான்கு தடவைக்கு மேல் போனால் இருக்கிற பேட்டரியும் போய், நல்ல செல்ஃபும் கருகி, ஒரு பழுது மூன்றாகிவிடும்.

டெர்மினல் விஷயத்துக்கு வருகிறேன், இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் எல்லாருக்கும் தெரியும், சமையல் சோடா கலந்த தண்ணீரை ஊற்றிக் கழுவிவிடலாம். பிரச்சனை, வெளியே பளபளவென்று இருந்துகொண்டு உள்ளே பிடிப்பில்லாமல் இருக்கும் டெர்மினல். கையால் திருகிப் பார்த்தால் கொஞ்சம்கூட அசையக் கூடாது. அதைவிட மோசம், யாரும் எட்டிப் பார்க்காத எர்த் கேபிள், இன்ஜினிலிருந்து சேஸிஸுக்கு (வண்டியின் அடிச்சட்டம்) போகும் அந்தப் பின்னல் பட்டை. வண்டிக்கு அடியில் சேற்றிலும் ஈரத்திலும் கிடந்து துருப்பிடித்துப் போயிருக்கும். நான் ஒருமுறை புதுப் பேட்டரியே வாங்கி மாட்டிவிட்டு, அப்போதும் அதே 'டக்' சத்தம் கேட்டு, கடைசியில் அந்தப் பட்டையின் போல்ட்டைக் கழற்றித் தேய்த்து மாட்டியதும் முதல் திருப்பிலேயே எடுத்தது. பேட்டரிக் கடைக்காரரிடம் அதை நான் சொல்லவில்லை. கண்டுபிடிக்க வழி சுலபம்: செல்ஃப் அடிக்கும்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றை இன்ஜின் இரும்பிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ தடை இருக்கிறது.

கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்றி, மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டதும் பொறி பறக்கும். பேட்டரி, பொறி பட்டால் வெடிக்கக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை விடும் பொருள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்க மாட்டும் ஜம்பர் கேபிளிலும் அதே பயம்தான். கடைசிக் கிளிப்பைச் செத்த பேட்டரியின் நெகட்டிவிலேயே மாட்டாமல், தள்ளி இன்ஜின் இரும்பில் மாட்டுங்கள். பெரிய லாரி சேஸிஸில் கட்டிய வண்டியாக இருந்தால் 24 வோல்ட்டாக இருக்கக்கூடும், இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராகக் கோத்திருப்பார்கள். அதைப் பார்க்காமல் வழியில் வந்த காரை நிறுத்தி இரண்டையும் இணைத்துவிட்டால் கார்க்காரருக்குத்தான் செலவு. இன்னொன்று, பல மோட்டார்ஹோம்களில் டேஷ்போர்டிலேயே ஒரு அவசர ஸ்டார்ட் பொத்தான் இருக்கும், அழுத்திப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினால் வீட்டுப் பேட்டரியும் கைகொடுக்கும். உதவிக்கு ஆள் தேடி இரண்டு மணி நேரம் ரோட்டில் நின்றுவிட்டு, பிறகு புத்தகத்தில் அந்தப் பொத்தானைப் பற்றிப் படிப்பது ஒரு தனி வேதனை.

இனி, சுற்றுகிறது ஆனால் பிடிக்கவில்லை என்ற கேஸ். முதலில் எரிபொருள். முள் கால் டாங்க் காட்டுகிறதே என்று நம்ப வேண்டாம், வண்டி சரிவில் நின்றால் முள் பொய் சொல்லும். நீண்ட நாள் நின்ற பெட்ரோல் வண்டி என்றால் பெட்ரோலே பழையதாகிப் போயிருக்கும், சில மாதத்திலேயே அதன் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும். டீசல் என்றால் அதில் கலந்த தண்ணீரும், குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும் ஏர் லாக்கும். டாங்க் வறண்டு நின்றபின் டீசல் ஊற்றிவிட்டு அப்படியே செல்ஃப் அடித்துக்கொண்டே இருப்பது பெரிய தவறு. ஃபில்டர் பக்கத்தில் கை பம்ப் இருந்தால் அது கெட்டியாகும்வரை அடித்துக் காற்றை வெளியேற்றுங்கள், டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டரின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். குளிர்ந்த காலையில், டீசல் இன்ஜினை உள்ளே சூடாக்கும் ஹீட்டர் பிளக்கின் டேஷ்போர்டு விளக்கு அணையும்வரை காத்திருக்காமல் திருப்புகிறவர்களும் உண்டு, நாலைந்து வினாடி பொறுமை போதும்.

ஹீட்டர் பிளக்கோ இன்டேக் ஹீட்டரோ (உள்ளே போகும் காற்றைச் சூடாக்குவது) உள்ள டீசல் இன்ஜினில், சீக்கிரம் பிடிப்பதற்காக அடிக்கும் ஈதர் ஸ்ப்ரேயை அடிக்கவே அடிக்காதீர்கள். சூடான பிளக்கில் பட்டு நேரம் தவறி வெடிக்கும், பிஸ்டன் உடையலாம், முகத்துக்கு நேராகவும் வரலாம். அதேபோல, கீழே படுத்து ஸ்க்ரூடிரைவரால் செல்ஃபின் இரண்டு போல்ட்டை இணைத்துக் காட்டும் வித்தை. கியரில் இருந்தால் மூன்றரை டன் வண்டி உங்கள் மேல் நகரும். வேண்டாம்.

ஃபியூஸ் போயிருந்தால் அதே அளவு ஃபியூஸ்தான் போட வேண்டும். 15 ஆம்பியர் நிற்கவில்லை என்று 30 போட்டால் அடுத்து எரிவது ஒயர். நீண்ட நாள் நின்ற வண்டியில் எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்றும் பானட்டைத் திறந்து ஒரு பார்வை பாருங்கள், புழுக்கையே சாட்சி சொல்லும்.

எப்படியோ எடுத்துவிட்டது என்று வையுங்கள். உடனே நிறுத்திப் பார்க்க ஆசை வரும், அடக்குங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும், அதைவிட நன்றாகக் குறைவாகவே நின்றால் சார்ஜ் சரியாக ஏறவில்லை என்று சந்தேகப்படலாம். ஆல்டர்னேட்டரைச் சோதிக்கிறேன் என்று ஓடும் இன்ஜினில் பேட்டரிக் கேபிளைக் கழற்றும் பழைய பழக்கம் இப்போதைய வண்டிகளின் கம்ப்யூட்டரைப் பொசுக்கிவிடலாம். அரை மணி ஓட்டினால் பேட்டரி நிரம்பிவிடும் என்பதும் நடக்காத காரியம், முழுக்க இறங்கிய பேட்டரிக்கு ராத்திரி முழுக்கச் சார்ஜர் வேண்டும். அந்தச் சார்ஜர் கிளிப்பை எந்தப் பேட்டரியில் மாட்டுகிறீர்கள் என்று மட்டும் ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.