எட்டாவது ஸ்கேன் எதற்கு?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் தங்கை மகளுக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சேர்ந்த கர்ப்பம். முப்பத்தொன்றாம் வாரத்திற்குள் ஏழு ஸ்கேன் முடிந்திருந்தது. "இத்தனை முறை கதிர் பட்டால் பிள்ளை என்னத்திற்கு ஆகும்?" என்று அவளுடைய ஆயா, அதாவது என் அம்மா, ஒரு பக்கம். "வாரா வாரம் பார்த்தால்தானே நிம்மதி" என்று மாமியார் மறுபக்கம்.

அம்மாவின் பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். இந்த ஸ்கேனில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. காதுக்கு எட்டாத ஒலி மட்டுமே. ஆனால் ஒலியும் திசுவைச் சிறிது சூடாக்கக்கூடும். முதல் மூன்று மாதத்தில், இரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் ஸ்கேனைத் தேவையில்லாமல் வைக்கக் கூடாது என்பது அதனால்தான். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் 2,800க்கு மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வு ஒன்று 1993இல் வெளிவந்தது. ஐந்து முறை ஸ்கேனும் டாப்ளரும் செய்துகொண்டவர்களுக்கு எடை குறைந்த குழந்தைகள் சற்று அதிகமாகப் பிறந்தன. அதே குழந்தைகளை எட்டு வயதுவரை தொடர்ந்து பார்த்தபோது, வளர்ச்சியிலும் பேச்சிலும் வேறுபாடு தெரியவில்லை என்று 2004இல் எழுதினார்கள். காரணம் இருந்தால் ஸ்கேனுக்கு அஞ்ச வேண்டாம். காரணமின்றிச் செய்யவும் வேண்டாம்.

மாமியாரின் தவறுதான் வீட்டையே அழவைத்தது. முப்பதாம் வாரம் எடை 1,480 கிராம் என்று வந்தது. பொறுக்காமல் அடுத்த வாரமே வேறோர் இடத்தில் பார்த்தார்கள்: 1,450. பிள்ளை இளைத்துவிட்டது என்று ஒரே ஒப்பாரி. பிள்ளை இளைக்கவில்லை. அந்த எடை தராசில் நிறுத்தது அன்று. தலை, வயிறு, தொடையெலும்பு ஆகியவற்றின் அளவிலிருந்து போட்ட கணக்கு. பத்து சதவீதம் முன்பின் இருப்பது சாதாரணம். ஒரு வாரத்தில் பிள்ளைக்குக் கூடும் இருநூறு கிராம் அந்தப் பிழைக்குள்ளேயே காணாமல் போய்விடும். வளர்ச்சியை அளக்கக் குறைந்தது இரண்டு வார இடைவெளி வேண்டும்.

தொப்புள்கொடி இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளரின் கதை வேறு. பிள்ளையின் வளர்ச்சி குன்றி, அந்த ஓட்டமும் தடைப்பட ஆரம்பித்தால் வாரம் இரண்டு முறைகூடப் பார்ப்பார்கள். ஆபத்துள்ள கர்ப்பத்தில் சிசு மரணத்தைக் குறைப்பது இந்தச் சோதனைதான். ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் இரட்டையருக்குப் பதினாறாம் வாரம் முதல் இரண்டு வாரத்துக்கொருமுறை ஸ்கேன் என்பதும் கணக்கோடு வைத்த விதி.

இன்னொரு தவறு, பின்னால் ஏழெட்டு ஸ்கேன் எடுப்பவர்கள் முதல் ஸ்கேனைக் கோட்டைவிடுவது. மூன்றாம் மாதத்தில் பார்த்தால் கர்ப்ப நாளை ஒரு வாரத்துக்குள் சரியாகச் சொல்லலாம். கடைசி மாதங்களில் மூன்று வாரம்வரை தவறலாம். நாள் பிசகினால் பின்னால் போடும் வளர்ச்சிக் கணக்கெல்லாம் பிசகு. இந்த நாட்டு அரசு கிளினிக்குகளில் 1994 முதல் கர்ப்பிணிகளுக்குக் கட்டணம் இல்லை. தாமதிக்க அதுவும் சாக்காகாது. கையில் கொடுக்கும் மகப்பேற்றுப் பதிவேட்டைத் தனியார் மருத்துவரிடம் போகும்போதும் எடுத்துச் செல்லுங்கள்.

வளைகாப்பு ஆல்பத்துக்காக எடுக்கும் நாற்பரிமாணப் படத்தைச் சோதனைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, "நேற்றுத்தானே ஸ்கேன் நன்றாக வந்தது" என்று, இன்று அசைவு குறைந்த பிள்ளையோடு வீட்டில் உட்கார்ந்திருப்பது. ஸ்கேன் அந்த நேரத்து நிலையைத்தான் சொல்லும். அசைவு குறைந்தாலோ, கடும் தலைவலி, கண்ணில் மின்னல், இரத்தப்போக்கு என்றாலோ அன்றைக்கே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போங்கள்.

இந்த நாட்டிலேயே உருவான அம்பிஃப்ளோ என்ற சிறு டாப்ளர் கருவி எனக்குப் பிடிக்கும். பிள்ளையின் முகத்தைக் காட்டாது. தொப்புள்கொடி ஓட்டத்தின் அலையை மட்டும் வரைந்து தரும்.

எட்டாவது ஸ்கேனுக்கு நானும் கூடப் போனேன். "இன்று எதைப் பார்க்கிறீர்கள்?" என்று தங்கை மகள் கேட்டாள். "கொடியின் ஓட்டம், பனிக்குட நீர். எடை அடுத்த வாரம்தான்" என்றார் மருத்துவர். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "படம் எங்கே?"