டேப்லெட்டில் படம் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் பெரியம்மாவுக்குக் கண் பார்வை கொஞ்சம் மங்கல். போனில் படம் எடுத்தால் யார் தலை வெட்டுப்பட்டது, யார் கண்ணை மூடினார்கள் என்று எதுவும் அவருக்குத் தெரியாது. எடுத்து முடித்ததும் எங்களிடம் நீட்டி, "நல்லா வந்திருக்கா பாரு" என்பார். பத்து அங்குல டேப்லெட் ஒன்று கைக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி நின்றுபோனது. எல்லாம் அவருக்கே தெரிகிறது. அதனால் டேப்லெட்டைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுப்பவர்களைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. பெரிய திரையில் பார்த்து எடுப்பதில் உண்மையான வசதி இருக்கிறது.

அந்த வசதி திரை தருவது, கேமரா தருவது அல்ல. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் பெரும்பாலான தவறுகள் வருகின்றன. படம் எடுக்கும்போதும் சரி, அடுத்த மாடலுக்காகக் காத்திருக்கும்போதும் சரி.

கொஞ்சம் பழைய கதை. 2010-ல் வந்த முதல் ஐபேடில் கேமராவே இல்லை. 2011-ல் வந்த ஐபேட் 2-ன் பின்பக்கக் கேமரா எடுத்த படத்தின் அளவு 960 x 720 புள்ளிகள், அதாவது சுமார் 0.7 மெகாபிக்சல் (ஒரு மெகாபிக்சல் என்பது பத்து லட்சம் புள்ளிகள்). 2012-ல் 5, 2014-ல் ஐபேட் ஏர் 2-ல் 8, 2016-ல் 9.7 அங்குல ஐபேட் புரோவில் 12 என்று எண் ஏறியது. எட்டு வருடம் கழித்து, 2024-ல் வந்த ஐபேட் புரோவிலும் பின்பக்கம் இருப்பது அதே 12 மெகாபிக்சல்தான். இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இப்போதே தேவைப்படும்.

இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்குவது

ஒரு பள்ளி நிகழ்ச்சி. மேடையில் உங்கள் பிள்ளை ஆடுகிறாள், நீங்கள் பத்தாவது வரிசையில் இருக்கிறீர்கள். திரையில் இரண்டு விரல் வைத்து இழுத்ததும் அவள் முகம் கிட்டத்தில் வந்த மாதிரி தெரிகிறது. உண்மையில் எதுவும் கிட்டத்தில் வரவில்லை. தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கிற டெலிஃபோட்டோ லென்ஸ் டேப்லெட்களில் அனேகமாக இருக்காது. கேமரா செய்வது, படத்தின் நடுப்பகுதியை வெட்டி எடுத்து ஊதிப் பெரிதாக்குவது மட்டும்தான்.

கணக்கு போட்டுப் பாருங்கள். நான்கு மடங்கு ஜூம் என்றால் அகலத்தில் நான்கில் ஒரு பங்கு, உயரத்தில் நான்கில் ஒரு பங்கு. பரப்பளவில் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். 12 மெகாபிக்சலைப் பதினாறால் வகுத்தால் 0.75. அதாவது இன்றைய டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு 2011-ன் ஐபேட் 2 அளவுக்குத்தான் படம் எடுக்கிறீர்கள். ஐந்து மடங்கு போனால் அரை மெகாபிக்சல்கூடத் தேறாது.

இரண்டு மடங்குக்கு மேல் போக வேண்டாம் என்பது என் எண்ணம். முடிந்தால் முன்னால் போங்கள். முடியாதபோது ஜூம் இல்லாமல் மேடை முழுவதையும் எடுங்கள். வீட்டுக்கு வந்து நிதானமாக வெட்டிக்கொள்ளலாம். ஜூம் செய்து எடுத்ததைவிட அது பெரிதாக மோசமாக இருக்காது. மற்ற பிள்ளைகளும் படத்தில் இருப்பார்கள், சில வருடம் கழித்துப் பார்க்கும்போது அதுவும் வேண்டியதாக இருக்கும்.

பிடிக்கும் விதம்

13 அங்குல ஐபேட் புரோ (2024) சுமார் 580 கிராம். 14.6 அங்குல சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்9 அல்ட்ரா சுமார் 730 கிராம். போன் என்றால் 200 கிராம் சொச்சம். மூன்று போன் எடையைக் கையை நீட்டி முகத்துக்கு நேரே பிடித்தால் கை நடுங்கத்தான் செய்யும். பகல் வெளிச்சத்தில் அது தெரியாது. வீட்டுக்குள், மாலையில், கேமரா வெளிச்சத்தைச் சேர்க்க விநாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம்வரைகூடத் திறந்திருக்கும். அந்த நேரத்தில் கை அசைந்தால் படமும் கலங்கிவிடும். லென்ஸையோ, வெளிச்சத்தைப் படமாகப் பதிவுசெய்யும் சில்லான சென்சாரையோ அசைத்து நடுக்கத்தைச் சரிசெய்யும் ஏற்பாடு நல்ல போன்களில் வந்துவிட்டது. டேப்லெட்களில் பெரும்பாலும் கிடையாது.

இதோடு இன்னொன்று சேர்கிறது. ஒரு கையால் டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு மறு கை விரலால் திரையில் உள்ள பொத்தானைத் தட்டுவோம். சரியாகப் படம் பதிவாகும் நொடியில்தான் அந்தத் தட்டு டேப்லெட்டை ஆட்டிவிடுகிறது. வால்யூம் பட்டனை அழுத்தினாலும் படம் எடுக்கும் வசதி ஐபேடிலும் பெரும்பாலான ஆண்ட்ராய்டு டேப்லெட்களிலும் உண்டு. இரண்டு கையாலும் பிடித்தபடியே அதை அழுத்தலாம். முழங்கைகளை விலாவோடு ஒட்டி வையுங்கள், இல்லையென்றால் நாற்காலி முதுகிலோ மேசை விளிம்பிலோ டேப்லெட்டை ஊன்றிக்கொள்ளுங்கள். குழுப் படம் என்றால் 3 விநாடி டைமர் போடுவது இன்னும் நல்லது.

அப்புறம் லென்ஸ் எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். பெரும்பாலான டேப்லெட்களில் அது ஒரு மூலையில் இருக்கும். படுக்கைவாக்கில் இரண்டு கையாலும் பிடிக்கும்போது அந்த மூலை கீழே வந்தால், விரல் நேராக லென்ஸ் மேலேயே போய் உட்காரும். லென்ஸ் மேல் பக்கம் வரும்படி தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டால் போதும், படம் தானாக நிமிர்ந்துகொள்ளும். மடக்கும் கவர் போட்டிருப்பவர்கள் அந்த மடிப்பு லென்ஸை மறைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பாதி மறைத்தால் படத்தின் ஓரத்தில் ஒரு கரிய நிழல் விழும். எடுக்கிற அவசரத்தில் அது கண்ணில் படாது. லென்ஸ் மேல் படியும் விரல் பிசுக்கும் இப்படித்தான். விளக்கைச் சுற்றிப் புகை மாதிரி வெளிச்சம் பரவித் தெரிந்தால், முதலில் ஒரு மெல்லிய துணியால் துடைத்துவிட்டு அப்புறம் கேமராவைக் குறை சொல்லலாம்.

அரங்கில் பின்னால் உட்கார்ந்திருப்பவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேலே தூக்கிய பதின்மூன்று அங்குல வெளிச்சம் அவருக்கு மேடையையே மறைத்துவிடும். திரை வெளிச்சத்தைக் குறைத்து நெஞ்சளவில் பிடியுங்கள், அல்லது ஓரமாகப் போய் நின்று எடுங்கள்.

காகிதத்தைப் படம் எடுக்கும்போது

டேப்லெட் கேமராவுக்கு மிகப் பொருத்தமான வேலை எது என்று கேட்டால், காகிதங்களைப் படம் எடுத்துச் சேர்த்து வைப்பது என்று சொல்வேன். எடுத்த உடனே அதே திரையில் படிக்கலாம், பேனாவால் குறிப்பு எழுதலாம். ஆனால் எல்லா டேப்லெட்டும் இதற்கு ஆகாது.

ஏ4 தாள் ஒன்றைச் சட்டம் (ஃபிரேம்) முழுக்க நிறையும்படி 8 மெகாபிக்சல் கேமராவில் எடுத்தால், அங்குலத்துக்குச் சுமார் 280 புள்ளிகள் கிடைக்கும். ஸ்கேனரில் வழக்கமாக வைக்கும் 300-க்குப் பக்கம்தான். 5 மெகாபிக்சலில் சுமார் 220. சாதாரண எழுத்துக்குப் பரவாயில்லை. 2 மெகாபிக்சல் என்றால் 137. பொடி எழுத்தும் முத்திரையும் கரைந்துபோகும். ஆக 8-க்கு மேல் இருந்தால் இந்த வேலைக்குத் தாராளம். 50 மெகாபிக்சல் தேவையே இல்லை.

மெகாபிக்சலைவிட முக்கியமானது ஆட்டோஃபோகஸ், அதாவது பொருள் இருக்கும் தூரத்துக்கு ஏற்பக் கேமரா தானே தெளிவைச் சரிசெய்துகொள்வது. விலை குறைந்த பல டேப்லெட்களில் ஃபோகஸ் நிலையாகப் பூட்டப்பட்டிருக்கும். சற்றுத் தள்ளி நிற்கும் மனிதர் தெளிவாகத் தெரிவார், ஒரு முழத்துக்குள் பிடித்த காகிதம் மங்கலாகவே இருக்கும். எத்தனை தடவை திரையைத் தட்டினாலும் அது மாறாது. இது தெரியாமல், தன் கைதான் நடுங்குகிறது என்று நினைத்துத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கையில் ஒரு குறையும் இல்லை.

அடுத்தது நிழல். மேசையில் தாளை வைத்து, தலைக்கு மேலே விளக்கு எரிய, நேர் மேலிருந்து டேப்லெட்டைப் பிடித்தால் அதன் நிழலே தாளில் பாதியை மூடிவிடும். போனில் இது சின்னத் தொல்லை, டேப்லெட்டில் பெரிய தொல்லை. ஜன்னல் பக்கம் போய், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி தாளை வையுங்கள். பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். 2024 ஐபேட் புரோவில் இதற்கென்றே ஒரு ஏற்பாடு வந்தது: தாளில் நிழல் விழுந்தால் ஃபிளாஷ் போட்டுப் பல படங்கள் எடுத்து, அவற்றை இணைத்து நிழலை நீக்கிவிடும். பல டேப்லெட்களில் ஃபிளாஷே இல்லை என்பதால் மற்றவர்களுக்கு ஜன்னல்தான் துணை.

சின்னச் சின்ன விஷயங்கள் இரண்டு. ஐபேட் கணக்கின்படி 4கே வீடியோ, விநாடிக்கு 30 ஃபிரேம், ஒரு நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி பிடிக்கும். 1080 தரத்தில் சுமார் 60 எம்பிதான். ஏற்கெனவே பெரும்பகுதி நிறைந்துவிட்ட 64 ஜிபி டேப்லெட்டில் ஒரு மணி நேர நிகழ்ச்சியை 4கேவில் எடுக்கத் தொடங்கி, பாதியில் இடம் தீர்ந்துபோவதைத் தவிர்க்க 1080-க்கு மாற்றிக்கொள்ளுங்கள். இன்னொன்று, வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது. மலையிலோ காட்டிலோ எடுத்த படத்தில் இடம் சரியாகப் பதிந்திருக்கும் என்று நம்ப வேண்டாம்.

அடுத்த மாடலில் எதை எதிர்பார்க்கலாம்

புது டேப்லெட் வரப்போகிறது என்றாலே, போனில் உள்ள கேமரா இதிலும் வந்துவிடும் என்ற பேச்சு கிளம்பும். அந்த நம்பிக்கையில் வாங்காமல் காத்திருப்பதும் ஒரு தவறுதான். காரணம் எளிமையானது. நல்ல படத்துக்குப் பெரிய சென்சார் வேண்டும். சென்சார் பெரிதானால் அதற்கும் லென்ஸுக்கும் இடையே அதிக இடைவெளி வேண்டும். டேப்லெட்டோ வருடத்துக்கு வருடம் மெலிந்துகொண்டே வருகிறது. 2018 ஐபேட் புரோவின் தடிமன் 5.9 மி.மீ., 2024-ன் 13 அங்குல மாடல் 5.1 மி.மீ. எட்டு மி.மீ. போனிலேயே கேமரா மேடு போலத் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதே மேட்டை இதன் முதுகில் ஒட்டினால், மேசையில் வைத்துப் பேனாவால் எழுதும்போது டேப்லெட் தடதடவென்று ஆடும். எழுதுகிறவருக்கு அது பெரிய இம்சை.

விலை கூடினால் கேமராவும் கூடும் என்பதும் எப்போதும் நடப்பதில்லை. 2020 ஐபேட் புரோவில் பின்பக்கம் அல்ட்ரா வைட் லென்ஸ் (இன்னும் அகலமான காட்சியைப் பிடிப்பது) ஒன்று கூடுதலாக வந்தது. 2024-ல் அதை எடுத்துவிட்டார்கள். பெரும்பாலானோர் அதைப் பயன்படுத்தவில்லை என்றால் அடுத்த மாடலில் அது இல்லாமல் போகலாம், அவ்வளவுதான்.

முன்னேற்றம் நடந்தது முன்பக்கக் கேமராவில். பழைய டேப்லெட்டைப் படுக்கைவாக்கில் ஸ்டாண்டில் வைத்து வீடியோ அழைப்பு பேசியவர்களுக்குத் தெரியும்: கேமரா இடது ஓரத்திலோ வலது ஓரத்திலோ இருக்கும், எதிரே இருப்பவருக்கு நாம் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு பேசுவது போலத் தெரியும். 2021 ஐபேட் புரோவில் ஆள் நகர்ந்தால் சட்டமும் கூடவே நகரும் அகலமான முன் கேமரா வந்தது. 2022-ல் பத்தாம் தலைமுறை ஐபேடில் அது நீள விளிம்பின் நடுவுக்கு வந்தது. அதே ஆண்டு வந்த கேலக்ஸி டேப் எஸ்8 அல்ட்ராவில் முன்பக்கம் இரண்டு கேமராக்கள். வாங்கப்போகும் மாடலில் இந்த இடத்தை முதலில் பாருங்கள். தினமும் பயன்படப்போவது இதுதான்.

இன்னும் நல்ல வழி ஒன்று இருக்கிறது: படம் எடுப்பதை வேறு கேமராவிடம் விட்டுவிட்டு, டேப்லெட்டைத் திரையாக மட்டும் வைத்துக்கொள்வது. 2023-ல் வந்த ஐபேடின் இயங்குதளமான ஐபேட்ஓஎஸ் 17 முதல், யூஎஸ்பி-சி உள்ள ஐபேடில் வெளிக் கேமராவைச் செருகி வீடியோ அழைப்பு பேசலாம். 2024-ல் ஐபேடுக்கான ஃபைனல் கட் புரோ என்ற வீடியோ தொகுப்புச் செயலியில், நான்கு ஐபோன் அல்லது ஐபேட் கேமராக்கள்வரை ஒரே திரையில் பார்த்துப் பதிவுசெய்யும் வசதி வந்தது. கேமரா நிறுவனங்கள் தரும் செயலிகள் மூலம் தனிக் கேமரா காண்பதை வைஃபை வழியாக டேப்லெட்டில் பார்த்து, அங்கிருந்தே படமும் எடுக்கலாம். பெரியம்மா போன்றவர்களுக்கு இது இன்னும் உதவும். கனமானது மடியில் இருக்கும், லேசானது ஸ்டாண்டில் நிற்கும், பார்ப்பது பெரிய திரையில்.

டேப்லெட்டே கேமராவாகவும் இருக்க வேண்டும் என்பவர்கள் வாங்குமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் மெகாபிக்சலை நம்ப வேண்டாம். சில மலிவு டேப்லெட்களில் சின்ன சென்சார் எடுத்த படத்தை மென்பொருள் ஊதிப் பெரிதாக்கி அந்த எண்ணைக் காட்டும். பொடி எழுத்து அச்சிட்ட ஒரு தாளை ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்தில் பிடித்துப் படம் எடுத்து, திரையில் பெரிதாக்கிப் படித்துப் பாருங்கள். எழுத்தின் ஓரங்கள் கூராக இருந்தால் ஆட்டோஃபோகஸும் இருக்கிறது, புள்ளிகளும் நிஜம். பிறகு அறையில் வெளிச்சம் குறைந்த ஒரு மூலையில் நிற்பவரை எடுங்கள். அவர் முகம் பசை தடவியது போல வழவழவென்று வந்தால், மாலை நேரத்துப் படங்களுக்குப் போனையே எடுத்துப் போவது நல்லது.