பச்சிளங்குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால்

பிறந்த குழந்தை பாலைக் கக்குவது வழக்கம்தான். ஆனால் வாந்தி கீரைச்சாறு போலப் பச்சையாக இருந்தால், பிறவியிலேயே குடல் அடைபட்டோ முறுக்கிக்கொண்டோ இருக்கலாம் எனக் கொண்டு, விடியட்டும் என்று காத்திராமல், குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு விரைய வேண்டும். முறுக்கிய குடல் இரத்த ஓட்டமின்றிச் சில மணி நேரத்திலேயே அழுகிவிடக்கூடும். வயிறு உப்பவில்லையே என்று ஏமாற வேண்டாம், அடைப்பு முன்சிறுகுடலில் இருந்தால் வயிறு அதிகம் உப்பாது. முதல் 24 மணி நேரத்தில் கருநிற மலம் கழியாவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கிரைப் வாட்டர், விளக்கெண்ணெய், வசம்பு எதையும் புகட்டாதீர்கள். பாலையும் நிறுத்தி, உடல் குளிராமல் போர்த்தி, வாந்தி பட்ட துணியைத் துவைக்காமல் எடுத்துச் செல்லுங்கள். வாய்ச்சொல்லைவிட அந்தக் கறையே மருத்துவருக்குத் தெளிவாகச் சொல்லும். அங்கே இரைப்பைக்குக் குழாய் செலுத்தி, குளுக்கோஸ் ஏற்றி, எக்ஸ்ரே எடுப்பார்கள்.