மெயின்ஃப்ரேம்ல எஸ்எஸ்ஹெச் டீமனை கிளப்பி விடுறது எப்படி

ராத்திரி ரெண்டு மணிக்கு ஏற்காட்டு வீட்ல உக்காந்துக்கிட்டு "டீமன் ஓடல, டீமன் ஓடல"ன்னு போன்ல கத்திட்டு இருந்தேன், காலைல அம்மா கேக்குறாங்க, ராத்திரி யாருக்குடா பேய் ஓட்டுனன்னு. ஒரு வகைல அதேதான், டீமன்னா பின்னணில சத்தமில்லாம ஓடிட்டே இருக்கிற புரோகிராம், எஸ்எஸ்ஹெச் டீமன்னா வெளிய இருந்து பாதுகாப்பா லாகின் பண்ண வர்றவங்களுக்கு கதவு திறக்கிறது. சேலத்து பசங்க சில பேர் புதுசா இசட்ஓஎஸ் (ஐபிஎம் மெயின்ஃப்ரேமோட ஆபரேட்டிங் சிஸ்டம்) வேலைக்கு வந்திருக்காங்க, எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், லினக்ஸ்ல ஒரே கமாண்ட்ல முடியுறது இங்க ஏன்ணே ரெண்டு நாள் இழுக்குதுன்னு. லினக்ஸ்ல ரூட்டா இருந்தா முடிஞ்சுது, இங்க யுஐடி 0 (ரூட்டுக்கு சமமான யூசர் நம்பர்) வாங்கி வச்சிருந்தாலும் ராக்ஃப்-னு ஒரு செக்யூரிட்டி சாஃப்ட்வேர் தலையாட்டணும். அதனால டீமன் கிளம்பலைன்னா உடனே நெட்வொர்க் டீமுக்கு டிக்கெட் போட்டு அவங்களை எழுப்பாதீங்க, முதல்ல பர்மிஷனை பாருங்க.

இசட்ஓஎஸ் 2.2-ல இருந்து ஓப்பன்எஸ்எஸ்ஹெச் சிஸ்டத்தோடவே வருது, தனியா இன்ஸ்டால் பண்ண வேண்டியதில்ல. சாம்பிள்ஸ் டைரக்டரில கான்ஃபிக் ஃபைல் எல்லாம் இருக்கும், அதை ஈடிசிக்குள்ள இருக்கிற எஸ்எஸ்ஹெச் டைரக்டரிக்கு காப்பி பண்ணி, டீமனோட கான்ஃபிக் ஃபைலுக்கு சிமோட் 600 (ஓனர் மட்டும் படிக்க, எழுத) போட்டுடுங்க. உங்க லேப்டாப்ல எடிட் பண்ணி அப்படியே பைனரி மோட்ல ஏத்திடாதீங்க, எழுத்தை நம்பரா வைக்கிற முறை ரெண்டுலயும் வேற, இந்த மெஷின் படிக்கிறது எபிசிடிக், உங்க லேப்டாப்ல இருக்கிறது ஆஸ்கி, அங்க ஏ-ங்கிற பெரிய எழுத்து ஹெக்ஸ் 41, இங்க சி1, ஸ்பேஸ் கூட அங்க 20 இங்க 40. ஃபைலை திறந்தா பாம்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். ஓஎடிட்-ங்கிற மெயின்ஃப்ரேம் எடிட்டர்ல அங்கயே திறந்து மாத்துறது பெஸ்ட்.

அடுத்து யூசர் ஐடி. இங்கதான் நிறைய பேர் வழுக்குறாங்க, ஏன்னா வேணுங்கிறது ஒண்ணு இல்ல, ரெண்டு. எஸ்எஸ்ஹெச்டி-ன்னு ஒரு ஐடி, அது யுஐடி 0 இல்லாத, பாஸ்வேர்டே இல்லாத ஒண்ணு, பிரிவிலேஜ் செப்பரேஷனுக்கு (இன்னும் லாகின் ஆகாத ஆளோட பேசுற பகுதியை அதிகாரம் இல்லாம ஓட்டுறது) மட்டும், ஹோம் டைரக்டரி வார்-குள்ள இருக்கிற எம்ப்டி-ங்கிற டைரக்டரி. அந்த டைரக்டரி நிஜமாவே காலியா இருக்கணும், ஓனர் யுஐடி 0, சிமோட் 755. டீமனை ஸ்டார்ட் பண்றதுக்கு இன்னொரு ஐடி, அதுக்குத்தான் யுஐடி 0, மேனுவல்ல இதுக்கு எஸ்எஸ்ஹெச்டிஏஇஎம்-னு பேர் வச்சிருப்பாங்க. ஒரே ஐடிய ரெண்டுக்கும் போடலாம்னு நினைக்காதீங்க. ஸ்டார்ட் பண்ற ஐடிக்கு ராக்ஃபோட ஃபெசிலிட்டி கிளாஸ்ல பிபிஎக்ஸ் டாட் டீமன் ப்ரொஃபைலுக்கு ரீட் ஆக்சஸ் குடுங்க, குடுத்துட்டு செட்ராப்ட்ஸ் ரிஃப்ரெஷ் (மாத்துனதை ராக்ஃப் திரும்ப படிக்க வைக்கிற கமாண்ட்) போடுங்க. ரிஃப்ரெஷ் மறந்துட்டு "குடுத்துட்டேனே, குடுத்துட்டேனே"ன்னு ஒரு மணி நேரம் சண்டை போட்ட செக்யூரிட்டி ஆளுங்களை நான் பாத்திருக்கேன்.

ஹோஸ்ட் கீக்கு (இந்த மெஷின் தன்னை அடையாளம் காட்டுற கீ) எஸ்எஸ்ஹெச் கீஜென்-ஐ மைனஸ் கேப்பிட்டல் ஏ போட்டு ஒரு தடவை ஓட்டுனா வேணுங்கிற கீ எல்லாம் வந்துடும். ப்ரைவேட் கீ மத்தவங்க படிக்கிற மாதிரி இருந்தா டீமன் ஏத்துக்காது.

டிசிபிஐபி ப்ரொஃபைல்ல (நெட்வொர்க் செட்டிங் இருக்கிற ஃபைல்) போர்ட் 22-ஐ எஸ்எஸ்ஹெச்டி பேருக்கு ரிசர்வ் பண்ணும்போது பேருக்கு கடைசில ஒரு ஸ்டார் போடுங்க. டீமன் ஃபோர்க் ஆகும்போது (தன்னை மாதிரியே இன்னொரு ப்ராசஸை பிரிக்கும்போது) ஜாப் நேமுக்கு பின்னாடி 1-ல இருந்து 9 வரைக்கும் ஏதோ ஒரு நம்பர் ஒட்டிக்கும். ஸ்டார் இல்லைன்னா சொந்த வீட்டு வாசல்லயே நிக்க வச்சிடும்.

ஸ்டார்ட் பண்ண ஒரு சின்ன ப்ராக் (கன்சோல்ல பேர் சொன்னா ஓடுற ரெடிமேட் ஜாப்), பிபிஎக்ஸ்பேட்ச்-ங்கிற புரோகிராமை கூப்பிட்டு ஒரு ஷெல் ஸ்கிரிப்டை ஓட்டுறது, அந்த ஸ்கிரிப்ட் டீமனை நோஹப் போட்டு பேக்கிரவுண்ட்ல விட்டுட்டு ஒரு செகண்ட் ஸ்லீப் போட்டுட்டு வெளிய வந்துடும். ராக்ஃபோட ஸ்டார்ட்டட் கிளாஸ்ல இந்த ப்ராக்கை அந்த யுஐடி 0 ஐடியோட கோத்து விடணும். இதை ஐஎஸ்பிஎஃப் எடிட்டர்ல அடிக்கும்போது கேப்ஸ் ஆஃப் இருக்கான்னு பாருங்க, கெஞ்சி கேக்குறேன். அன்னிக்கு ராத்திரி எனக்கு நடந்தது இதுதான், பாத் பேர் மொத்தமும் பெரிய எழுத்துல சேவ் ஆயிருக்கு, யூனிக்ஸ் பக்கத்துக்கு அப்படி ஒரு ஃபைலே இல்ல, நான் ராக்ஃபை திட்டிட்டு இருக்கேன், நடுவுல மழைக்கு கரண்டு வேற போயிடுச்சு.

கன்சோல்ல எஸ் (ஸ்டார்ட்) எஸ்எஸ்ஹெச்டி குடுத்ததும் அடுத்த நிமிஷமே ஜாப் எண்ட்-ன்னு மெசேஜ் வரும். பதறாதீங்க. முடிஞ்சது ப்ராக் மட்டும்தான், டீமன் பின்னாடி எஸ்எஸ்ஹெச்டி4 மாதிரி ஒரு பேர்ல ஓடிட்டு இருக்கும். டி (டிஸ்ப்ளே) ஓஎம்விஎஸ் கமா ஏ ஈக்வல் ஆல் அடிச்சா கண்ணுக்கு தெரியும், ஓநெட்ஸ்டாட்ல 22 லிசன்ல இருக்கான்னும் பாத்துக்கங்க. அதே மாதிரி நிறுத்தும்போது பி (ஸ்டாப்) எஸ்எஸ்ஹெச்டி வேலைக்கு ஆகாது, வார் ரன்-ல இருக்கிற பிஐடி ஃபைல்ல ப்ராசஸ் நம்பரை எடுத்து கில் பண்ணணும்.

கிளம்பவே இல்லையா, கன்சோல் லாக்கை பாருங்க. ஐசிஹெச்408ஐ வந்திருந்தா ராக்ஃப் யாருக்கு எதை மறுத்துச்சுன்னு அதுலயே எழுதியிருக்கும். பிபிஎக்ஸ்பி014ஐ இல்ல 015ஐ வந்திருந்தா புரோகிராம் கன்ட்ரோல் (நம்பகமானதுன்னு குறிச்ச புரோகிராமை மட்டும் ஓட விடுற பூட்டு) பிரச்சனை, யாரோ டீமன் பைனரிய வேற டைரக்டரிக்கு சும்மா காப்பி பண்ணதுல எக்ஸ்டெண்டட் ஆட்ரிப்யூட் விழுந்திருக்கும், எக்ஸ்டாட்ர் பிளஸ் பி (புரோகிராம்-ல வர்ற பி) போட்டு திரும்ப ஒட்டணும், அதுக்கும் தனி பர்மிஷன் வேணும், இங்க எதுக்குத்தான் வேணாம். எஃப்ஓடிஎஸ்-னு ஆரம்பிச்சா அது ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சே பேசுறது, பெரும்பாலும் கான்ஃபிக் தப்பு. டீமனை மைனஸ் டி (டெஸ்ட்-ல வர்ற சின்ன எழுத்து டி) போட்டு ஓட்டுனா கான்ஃபிக்கை மட்டும் செக் பண்ணி சொல்லும், அப்பவும் புரியலைன்னா போர்ட் 2222-ல மூணு டி (டீபக்-ல வர்ற சின்ன எழுத்து டி) போட்டு முன்னாடியே ஓட விட்டு பாருங்க, எங்க மாட்டுதுன்னு வரி வரியா கொட்டும்.

எல்லாம் ஓடுனப்புறம் அந்த ஸ்டார்ட் கமாண்டை ஐபிஎல் (கிரிக்கெட் இல்ல, மெயின்ஃப்ரேமை பூட் பண்றது) சமயத்துல தானா ஓடுற லிஸ்ட்ல சேத்துடுங்க, டிசிபிஐபி எழுந்ததுக்கு அப்புறம் ஓடுற மாதிரி. இல்லைன்னா அடுத்த ஐபிஎல் முடிஞ்ச காலைல யூசர் ஒருத்தர் கனெக்ட் ஆகலைன்னு போன் பண்ணுவார், நீங்க அஞ்சு ரோடு டிராஃபிக்ல ஒரு கையில தட்டுவடை செட்டோட நின்னுட்டு இருப்பீங்க.