பழைய அமெரிக்கச் சமையல் புத்தகங்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் பழைய சமையல் புத்தகங்கள் பலவற்றை இன்று இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். வரலாற்று ஆர்வத்தில் புரட்டுபவர்களும் சரி, ஏதாவது ஒன்றைச் செய்து பார்க்க நினைப்பவர்களும் சரி, சில இடங்களில் வழக்கமாகச் சறுக்குகிறார்கள்.

புத்தகத்தில் இருப்பதையெல்லாம் அந்தக் காலத்து மக்கள் தினமும் சாப்பிட்டார்கள் என்று நம்புவதுதான் பெரிய தவறு. கைப்பழக்கத்தில் வருகிற கஞ்சிக்கும் வேகவைத்த பீன்ஸுக்கும் யாருக்கும் குறிப்பு தேவைப்படவில்லை. அளவு பிசகினால் கெட்டுப்போகும் கேக், ஜாம், ஊறுகாய்க்குத்தான் தேவைப்பட்டது. 19ஆம் நூற்றாண்டுப் புத்தகங்களில் இனிப்புகள் அத்தனை பக்கங்களைப் பிடித்துக்கொள்வது இதனால்தான்.

வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த மேரி ராண்டால்ஃப் 1824இல் வெளியிட்ட ‘தி வர்ஜீனியா ஹவுஸ்-வைஃப்’ நூலில் கறிப்பொடிக்கு ஒரு குறிப்பு இருக்கிறது. மஞ்சள், மல்லி, சீரகம், சுக்கு, ஜாதிக்காய், ஜாதிபத்திரி, மிளகாய்த்தூள் என ஏழும் தலா ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம். இடித்துச் சலித்து பாட்டிலில் அடைத்து வைக்க வேண்டும். சீரகத்துக்குச் சமமாக ஜாதிக்காய் போடச் சொல்வதிலேயே, இது நம் ஊர் அடுப்படியிலிருந்து நேராகப் போன பொடி அல்ல என்று தெரிந்துவிடும். ஆங்கிலேயச் சமையல் புத்தகங்களில் 1747லேயே கறி (மசாலா சேர்த்த ‘curry’) வந்துவிட்டது. ராண்டால்ஃபின் குறிப்பைப் பார்த்துவிட்டு “200 வருஷத்துக்கு முன்பே அமெரிக்கர்கள் கறி சாப்பிட்டார்கள்” என்று பரப்பினால் பாதி உண்மைகூடத் தேறாது. வசதியான வீடுகளின் மேசைக்கு அது வந்தது, அவ்வளவுதான். அதே வர்ஜீனியாவில் அடிமைகளாக இருந்தவர்களுக்கு வாரப்படியாகக் கிடைத்தது பெரும்பாலும் மக்காச்சோள மாவும் கொஞ்சம் உப்பிட்ட பன்றிக்கறியும்தான்.

அட்டையில் பெயர் உள்ளவர்தான் சமைத்தார் என்று எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. எனக்கு இதுதான் மிகவும் முக்கியமாகப் படுகிறது. ராண்டால்ஃபின் சமையலறையில் உழைத்தவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள். அவருடைய நூலில் வரும் வெண்டைக்காய், அடிமை வணிகத்தோடு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த காய். அதைச் சமைத்த கைகளின் பெயர் எங்கேயும் இல்லை. கறுப்பினப் பெண்கள் தங்கள் பெயரிலேயே வெளியிட்ட நூல்களைத் தேடிப் படியுங்கள். மலிண்டா ரசல் 1866இல் மிச்சிகனில் வெளியிட்டது, இதுவரை கிடைத்தவற்றில் பழையது. ஆபி ஃபிஷரின் நூல் 1881இல் சான் பிரான்சிஸ்கோவில் வந்தது. அடிமையாகப் பிறந்த அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாயால் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதினார். ஜம்பலாயா என்ற சோற்று உணவு அதில் ‘ஜம்பர்லி’ என்று அச்சாகியிருக்கிறது. இதை எழுத்துப்பிழை என்று தள்ளிவிடாதீர்கள். அந்த அம்மா சொன்னது எழுதியவரின் காதில் எப்படி விழுந்தது என்பதற்கு இருக்கிற சாட்சி அது.

‘முதல்’ என்ற பட்டத்தையும் பார்த்துத்தான் ஏற்க வேண்டும். அமெரிக்கர் ஒருவர் எழுதிய முதல் சமையல் நூல் என்று அமீலியா சிம்மன்ஸின் 1796ஆம் ஆண்டு நூலைச் சொல்வார்கள். சரிதான். ஆனால் அதில் கணிசமான பகுதி சூசன்னா கார்ட்டர் என்ற ஆங்கிலேயப் பெண்மணியின் நூலிலிருந்து எடுத்தது. மக்காச்சோள மாவுப் பண்டங்களும் வான்கோழிக்குத் தொட்டுக்கொள்ள கிரான்பெரியும்தான் அதிலிருக்கும் அமெரிக்க மணம்.

செய்து பார்ப்பவர்களுக்கு அளவுதான் முதல் சிக்கல். ஃபேனி ஃபார்மர் 1896இல் ‘பாஸ்டன் குக்கிங்-ஸ்கூல் குக் புக்’ நூலில் கப்பையும் ஸ்பூனையும் தலைதட்டி அளக்க வேண்டும் என்று அழுத்திச் சொன்ன பிறகே சீரான அளவு பரவியது. அதற்கு முன்னால் ‘முட்டை அளவு வெண்ணெய்’, ‘ஒரு ஒயின் கிளாஸ்’ என்றெல்லாம் வரும். முட்டை அளவு வெண்ணெய் என்றால் கிட்டத்தட்ட கால் கப். பைன்ட் என்று வந்தால் அமெரிக்க அளவான 473 மில்லியை எடுங்கள். பிரிட்டிஷ் பைன்ட் 568 மில்லி, அதை ஊற்றினால் மாவு தண்ணியாகிவிடும்.

சிம்மன்ஸ் பயன்படுத்தும் பேர்ல்ஆஷ், மரச்சாம்பலிலிருந்து எடுத்த காரப்பொருள் (alkali). மோர் அல்லது மொலாசஸின் (கரும்புச் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகு) புளிப்போடு சேர்ந்துதான் அது பொங்கும். அதே அளவுக்கு பேக்கிங் பவுடர் போட்டால் சரிவராது. பேக்கிங் பவுடருக்குள்ளேயே அமிலம் இருக்கிறது. அப்புறம் அடுப்புச் சூடு. விறகு அடுப்புக் காலத்தில் உள்ளே கையை நீட்டி, எத்தனை எண்ணும்வரை தாங்குகிறது என்று பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் 180 டிகிரி வைத்துவிட்டு, குறிப்பு தப்பு என்று சொல்வது நியாயமில்லை.

ஒன்றில் மட்டும் பழைய புத்தகத்தை நம்பவே கூடாது: காய்கறிகளை ஜாடியில் அடைத்து மாதக்கணக்கில் வைப்பது. பீன்ஸையும் மக்காச்சோளத்தையும் ஜாடியோடு கொதிநீரில் மூன்று மணி நேரம் வேகவைத்தால் போதும் என்று எழுதியிருப்பார்கள். பாட்டுலிசம் என்ற உயிர்கொல்லி நச்சுநோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் 100 டிகிரியில் சாவதில்லை. புளிப்பில்லாத காய்களுக்கு அழுத்தக் கலனில் சுமார் 116 டிகிரி வேண்டும். எத்தனை நிமிடம் என்பதை அமெரிக்க வேளாண் துறை இன்று தரும் அட்டவணையைப் பார்த்து மட்டும் வையுங்கள்.