கடல்நீர்த் தொட்டிக்குச் சில்லர்: குழாய் போடும்போது செய்யக் கூடாதவை

2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் தண்ணீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்துப்போயின. கடலுக்கே அந்தக் கதி என்றால், கீழக்கரையில் ஒரு வீட்டுக் கூடத்தில் நிற்கும் 6 அடித் தொட்டி சித்திரை வெயிலில் என்ன பாடுபடும்? (மீனும் இறாலும் வைத்த தொட்டியைச் சொல்கிறேன். பவளத்தைக் கடலிலிருந்து எடுத்து வருவது குற்றம்.) அதனால்தான் பலரும் தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லரை வாங்குகிறோம். வாங்கும்போது பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம், குழாய் இணைக்கும்போது கோட்டை விடுகிறோம்.

தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் சில்லரை வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டோடு, தான் தின்ற கரண்டின் சூட்டையும் அது வெளியே தள்ளுகிறது. மூடிய இடத்தில் அந்த அனலையே திரும்ப இழுத்து, நாள் முழுக்க ஓடியும் குளிராது. பின்கட்டில் நிழலும் காற்றும் உள்ள இடம் நல்லது. கடலைப் பார்த்த பக்கம் மட்டும் வேண்டாம். உப்புக்காற்றில் ஏசியின் வெளி யூனிட்டில் அலுமினியத் தகடுகள் வெண்பொடி பூத்து உதிர்வதை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

"தண்ணீர் மெதுவாகப் போனால்தான் நன்றாகக் குளிரும்" என்று வால்வைத் திருகி வைப்பவர்கள் உண்டு. வெளியே வரும் தண்ணீர் ஜில்லென்று இருக்கும், உண்மைதான். ஆனால் வருவதே கொஞ்சம். தொட்டியிலிருந்து மொத்தமாக வெளியேறும் சூடு அதனால் குறையும். மணிக்கு எத்தனை லிட்டர் போக வேண்டும் என்று சில்லரோடு வரும் கையேட்டில் இருக்கும். அந்த அளவுக்குள் வையுங்கள். பம்பு அட்டையில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம், அது உயரம் ஏற்றாத கணக்கு. குழாயைத் திருப்பும் ஒவ்வொரு எல்போவும் ஓட்டத்தைக் குறைக்கும். திரும்பி வரும் குழாயை 10 லிட்டர் வாளியில் பிடித்துப் பாருங்கள். 30 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 1200 லிட்டர்.

சில்லருக்குத் தண்ணீர் எடுக்கும் குழாயும் திருப்பி விடும் குழாயும் சம்ப்பில் (மேல்தொட்டித் தண்ணீர் இறங்கி வடிகட்டப்படும் கீழ்த்தொட்டி) பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், சில்லர் தான் குளிர்வித்த தண்ணீரையே மறுபடி குடித்து, வேலை முடிந்தது என்று நின்றுவிடும். மேலே தொட்டி 30 டிகிரியில் கிடக்கும். வடிகட்டிய தண்ணீரை எடுத்து, சம்ப்பில் மேலே ஏற்றும் பம்பு இருக்கும் தடுப்புக்குள் விடுங்கள்.

அப்புறம் கரண்ட். ஒரு மழை இரவில் எங்கள் வீட்டில் கரண்ட் போனது. காலையில் கூடத்துப் பாய் முழுக்க உப்புத்தண்ணீர். தொட்டிக்குள் தண்ணீர் விடும் குழாயின் வாயை 2 அங்குலம் மூழ்கும்படி வைத்திருந்தேன். பம்பு நின்றதும் அதே வழியாகத் தண்ணீர் கீழே இறங்கியிருக்கிறது. 6 அடிக்கு 2 அடித் தொட்டியில் 2 அங்குலம் என்றால் ஏறக்குறைய 56 லிட்டர். சம்ப்பில் அவ்வளவு இடம் இல்லை. ஒருவழி வால்வு போட்டால் போதும் என்பார்கள். அதில் உப்பும் பாசியும் படிந்தால் சரியாக மூடாது. குழாய் வாயை நீர்மட்டத்தை ஒட்டி வையுங்கள். இணைத்த அன்றே பம்பை அணைத்து, கீழே எதுவரை ஏறுகிறது என்று நின்று பாருங்கள்.

தண்ணீர் படும் இடத்தில் பித்தளை, செம்பு எதுவும் கூடாது, இறால் செத்துவிடும். சில்லரின் உள்சுருள் டைட்டேனியமா என்று கேட்டு வாங்குங்கள். சில்லரின் இரு பக்கமும் யூனியனும் (கழற்றி மாட்டும் இணைப்பு) பால் வால்வும் (ball valve, தண்ணீரை அடைக்கும் வால்வு) போடுங்கள். இல்லையென்றால் சுருளைக் கழுவ வேண்டிய அன்று குழாயை ரம்பத்தால் அறுக்க வேண்டிவரும்.